என் கை கீறிய பதினோரு நிமிடம்

நான் நன்றாகத் தூங்குகிறவள். தலையைச் சாய்த்தால் ஐந்து நிமிடம், அதற்கு மேல் போகாது. காலையில் வந்ததும், "ராத்திரி தூங்கினீங்களா?" என்று கேட்டீர்களே, ஏதோ நான் தூங்கியிருக்கக் கூடாது என்பதுபோல, அதனால் சொல்கிறேன். தூங்கினேன் ஐயா. ஸ்டேஷன் பெஞ்சு கொஞ்சம் குட்டை, காலை மடக்கிக்கொண்டேன். தூக்கம் வராமல் புரள்வது என் கணவருடைய வேலை. கலைஞர்களுக்கு அதில் ஒரு பெருமை உண்டு. எனக்கு விடிந்தால் வேலை காத்துக் கிடந்தது, அதனால் தூங்கிப் பழகிவிட்டேன்.

வக்கீல் நேற்று மாலை வந்து கெஞ்சினார். "அம்மா, மறதின்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. அறுபத்து மூணு வயசு. யாரும் மேல கேக்க மாட்டாங்க, மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்றார். நல்ல மனிதர், பாவம், எனக்காகத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அலைகிறார். ஆனால் எனக்கு மறதி கிடையாது. மறதிக்காரியை நெகட்டிவ் வெட்டும் மேசையில் ஒரு நாள்கூட உட்கார விடமாட்டார்கள். மறந்துவிட்டேன் என்று சொன்னால் எனக்கு என்ன நஷ்டம் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதுவரை நான் சொல்வதைச் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், நாள் கிழமை உட்பட.

நெகட்டிவ் வெட்டுவது என்றால் என்னவென்று கேட்டீர்கள். கேமராவுக்குள் ஓடிய மூல ஃபிலிம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எடிட்டர் குறித்துக் கொடுத்த இடத்தில் அதை வெட்டி ஒட்ட வேண்டும். ஒரு கட்டம் தள்ளி வெட்டினால் போச்சு, அழுதாலும் திரும்பாது. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, ஃபிலிமை ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும். படம் இருக்கிற முகத்தில் விரலோ நகமோ படக்கூடாது. பத்தொன்பது வயதில் ஒரு ஃபிலிம் லேபில் அந்த வேலைக்குப் போனேன். என் கணவர் அதே லேபில், கெட்டுப்போன ஃபிலிமை மூட்டை கட்டுகிற பிரிவில் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் இருவருக்கும் அந்தப் பழக்கம் போகவில்லை. போட்டோ, கடிதம், எதுவானாலும் ஓரத்தில்தான் பிடிப்போம். என் நாத்தனார், அவருடைய ஒரே தங்கை, "எங்க அண்ணனும் அண்ணியும் ரொட்டியக்கூட ஓரத்துலதான் பிடிப்பாங்க" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அவர் கேமரா இல்லாமல் படம் எடுக்கிறவர். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. லேபிலிருந்து கழிவு ஃபிலிமைச் சுமந்து வருவார். சிலதை வெந்நீரில் போடுவார், சிலதைத் தொட்டி மண்ணில் புதைத்து வைப்பார், சிலதின்மேல் ஈசல் சிறகை ஒட்டுவார். முதல் படத்தை ஒரு சங்கத்தின் மாடி அறையில் போட்டோம். வந்தவர்கள் பதினெட்டுப் பேர், பாதியில் எழுந்து போனவர்கள் பதினொரு பேர், தூங்கினவர்கள் இருவர். விளக்கைப் போட்டதும் ஒருவர் அக்கறையாக வந்து, "மிஷின் ரிப்பேருங்களா? எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்கார்" என்றார். என் கணவர் அசரவே இல்லை. "அந்த மனுஷன்தான் என் முதல் ரசிகன், உண்மையச் சொன்னான் பாரு" என்று வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தார். அன்றைக்கு எனக்கு அவர்மேல் இருந்த பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. அதை நீங்கள் எழுத வேண்டியதில்லை, ஆனால் இருந்தது.

அதற்குப் பிறகுதான் கீறல் படங்கள். முழுக்கக் கறுத்த ஃபிலிமை எடுத்து ஊசியால் கீறினால் கறுப்பு உரிந்து, அந்த இடத்தில் திரையில் வெளிச்சம் விழும். ஒரு நொடிக்கு இருபத்து நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டமும் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. பூதக்கண்ணாடியின் கீழே, மூச்சைப் பிடித்துக்கொண்டு கீற வேண்டும். பத்திரிகைக்காரர்கள் அவருக்குக் 'கீறல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால் அவருக்குச் சிறு வயதிலிருந்தே கை நடுங்கும். முதல் கீறல் படத்தில் பார்த்ததெல்லாம் அந்த நடுக்கம்தான், அதைத்தான் எல்லாரும் பாணி என்று எழுதினார்கள். இரண்டாவது படத்திலிருந்து அவர் சொல்வார், நான் கீறுவேன். இப்படி ஒன்பது படங்கள், முப்பத்தோரு வருடம்.

எல்லாம் முடிந்த பிறகு ஊசியை என்னிடம் வாங்குவார். ஃபிலிமின் மேல் ஊன்றுவார். மறு கையால் ஃபிலிமை ஒரே இழுப்பாக இழுப்பார். எல்லாக் கட்டங்களிலும் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடிவிடும், திரையில் பார்த்தால் மழைக்கம்பிபோல் நடுங்கும். 'கீறலின் கோடு' என்று அதற்குப் பெயர். எனக்கு ஒரு நிமிடப் படம் ஆறு மாதம். அவருக்கு அதே ஒரு நிமிடம், ஒரு இழுப்பு. படத்தின் தொடக்கத்தில் ஐந்து நொடிக்கு ஒரு பெயர் வரும். ஐந்து நொடி என்றால் நூற்றிருபது கட்டம். அவர் பெயரை ஒரு படத்துக்கு நூற்றிருபது தடவை நான் கீறியிருக்கிறேன்.

இதையெல்லாம் புகாராகச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வேலை என்றால் அப்படித்தான். கொத்தனார் பெயரை எந்த வீட்டு வாசலில் எழுதியிருக்கிறார்கள்.

நாற்பது நொடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது படம் நடந்துகொண்டிருந்தபோது, மிச்சம் விழுந்த கறுப்பு ஃபிலிமில் எனக்காக ஒன்று கீறினேன். ஒரு பெண் குழாயைத் திறந்து கையைக் கழுவுகிறாள், விரல்களை உதறுகிறாள், துளிகள் தெறிக்கின்றன. அவ்வளவுதான். தொள்ளாயிரத்து அறுபது கட்டம், நான்கு மாதம், அவர் வெளியே போகும் நேரமாகப் பார்த்து. முடித்ததும் ஒரு பிஸ்கெட் டப்பாவில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வைத்தேன். யாரிடமும் காட்டுகிற எண்ணம் இல்லை. இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

என் அக்காவுக்கு ஆபரேஷன் என்று ஐந்து நாள் போய் இருந்துவிட்டு வந்தேன். கதவைத் திறந்தவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இத? உசுரே இல்லாம கெடந்துது. ஒரு கோடு போட்டேன் பாரு, எந்திரிச்சு நின்னுடுச்சு" என்றார். தொள்ளாயிரத்து அறுபது கட்டத்திலும் அந்தப் பெண்ணின் மணிக்கட்டை வெட்டிக்கொண்டு கோடு ஓடியது. அதை ஒன்பதாவது படத்தின் முடிவாக ஒட்டிவிட்டார். விருது கிடைத்தது. எழுதினவர்கள் அத்தனை பேரும் கடைசி நாற்பது நொடியைத்தான் எழுதினார்கள், அதிலும் அந்தக் கோட்டைத்தான். மேடையில் அவர், "இது என் கைகளுக்குக் கிடைச்ச விருது" என்று சொல்லி முன்வரிசையில் இருந்த என்னைக் காட்டினார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் எழுந்து கும்பிட்டேன்.

நான் அழவில்லை, சண்டை போடவில்லை. யோசித்தேன். அவர் கெட்டவர் இல்லை ஐயா. ஒரு நாள் என்னைக் கைநீட்டி அடித்ததில்லை, சாப்பாட்டில் குறை சொன்னதில்லை. ஆனால் கண்ணில் பட்டதைத் திருத்தாமல் அவரால் இருக்க முடியாது. மேசைவிரிப்பைத் திருத்துவார், அடுத்த வீட்டுப் பெண்ணின் கோலப்பொடி நிறத்தைக்கூட வாசலில் நின்று திருத்திவிட்டு வருவார். பிறவிக் குணம். பார்த்தால் திருத்துவார். ஆக, பார்க்கிற வரைக்கும் திருத்துவார். நான் போட்ட கணக்கு இவ்வளவுதான், இதில் கோபம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள்.

இதற்கெல்லாம் மூன்று வருடம் முன்பே அவருக்குக் கண்ணில் அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்திருந்தார்கள். கண் டாக்டர் ஒரு அம்மா, விளக்கமாகச் சொன்னார். "வலி இருக்காது, சிவப்பு இருக்காது. ஓரத்துலேர்ந்து பார்வை கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிட்டே வரும். காலையில ஒரு சொட்டு, சாயந்தரம் ஒரு சொட்டு, விடாம போட்டா இருக்கற பார்வை கடைசி வரைக்கும் இருக்கும். விட்டுட்டீங்கன்னா போனது போனதுதான்." அவர் கை நடுங்கும், சொட்டு கன்னத்தில்தான் விழும். அதனால் நான்தான் விடுவேன். மூன்று வருடம் ஒரு வேளை தவறியதில்லை. டாக்டர் அம்மாவே, "உங்கள மாதிரி நாலு பேர் இருந்தா என் வேல பாதியாயிடும்" என்று பாராட்டினார்.

விருது வாங்கிய மறு மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மருந்துக் கடையில் அந்தச் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. "நாளைக்கு வந்துடும்மா" என்றார்கள். வீட்டில் பாட்டில் காலி. மருந்து இல்லை என்றால் அவர் பதறிப்போவார், அன்றைக்கு யாரும் நிம்மதியாக இருக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றினேன். ஒரு நாள்தானே. புதன்கிழமை போய் மருந்தை வாங்கி வந்தேன். அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் ஒரு பெரிய ஃபிலிம் டப்பாவுக்குள் வைத்து மூடினேன். மறுபடியும் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன்.

அவர் கண்ணில் கெடுதலான பொருள் ஒன்றையும் நான் விட்டதில்லை. இதை அடிக்கோடு போட்டு எழுதுங்கள். நாங்கள் குடிக்கிற தண்ணீர், தினமும் புதிதாகக் கொதிக்க வைத்தது. மாதாமாதம் மருந்தும் வாங்கினேன், அதிலும் தவறவில்லை. ஐம்பத்தெட்டுப் பெட்டி இருந்ததாக எண்ணினீர்களாம், எண்ணிக்கை சரிதான். நாலு வருடம் பத்து மாதம். நடுவில் நிறுத்திவிடலாம் என்று தோன்றவே இல்லையா என்று கேட்டீர்கள். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

பார்வை டாக்டர் சொன்னபடியே ஓரத்திலிருந்து சுருங்கியது. முதலில் கதவு விளிம்பில் இடித்துக்கொண்டார். "கதவு தள்ளி வந்துடுச்சோ?" என்று அதன்மேல் பழி போட்டார். பிறகு மாடிப்படி. அவருக்கே தெரிந்தது, ஆனால் வெளியே சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. படம் எடுக்கிறவனுக்குக் கண் போயிற்று என்றால் யார் மதிப்பார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒருத்தருக்கும் தெரிய வேணாம்" என்றார். நான் சத்தியம் செய்து கொடுத்தேன், காப்பாற்றவும் செய்தேன். கூட்டங்களுக்கு என் முழங்கையைப் பிடித்தபடி வருவார், எதிரில் யார் என்று காதோடு சொல்வேன். வயதான காலத்தில் என்ன ஒற்றுமை பார் என்று ஊரே கண் வைத்தது. டாக்டரிடம் போகலாமா என்ற பேச்சை அவரே ஒரு நாள் எடுத்தார், அவரே முடித்தும் வைத்தார். "மருந்துதான் விட்டுட்டே இருக்கோமே. அந்தம்மா புதுசா என்ன சொல்லப் போறாங்க." நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. போகலாம் என்றும் சொல்லவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த மேடை ஏறினாலும் அவர் சொல்கிற வாக்கியம் ஒன்று உண்டு. "கண் ஒரு சோம்பேறி. அத மூடினவனுக்குத்தான் சினிமா தெரியும்." முப்பது வருடம் இதையே கேட்டேன், கைதட்டலோடு கேட்டேன். ஊரார் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார்கள். நான் கேட்டதைக் கேட்டபடி எடுத்துக்கொண்டேன், அதில் என்ன தப்பு.

இப்போது சொல்கிற தேதியைப் பிழையில்லாமல் எழுதுங்கள், எல்லாம் இதில்தான் இருக்கிறது. தண்ணீர் தொடங்கி இரண்டு வருடம் ஒரு மாதம் கழித்து, இரண்டாம் வெள்ளிக்கிழமை, பகல் பதினொன்றரை மணி. பத்தாவது படத்துக்கு அவர் சொன்ன முதல் துண்டைக் கீறிவிட்டதாகச் சொல்லி, ஒரு அடி ஃபிலிமை அவர் கையில் கொடுத்தேன். அதில் ஒரு கீறலும் இல்லை. மொட்டைக் கறுப்பு. அவர் வழக்கம்போல இரண்டு ஓரத்தையும் பிடித்து, ஜன்னல் பக்கம் தூக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். நான் மூச்சு விடவில்லை. "இதாண்டி. இந்த வெளிச்சத்தத்தான் இத்தன வருஷமா தேடிட்டு இருந்தேன்" என்றார். நகத்தால் ஒரு தடவை தடவியிருந்தால் வெறும் ஃபிலிம் என்று தெரிந்திருக்கும். லேபில் வேலை பார்த்தவர் ஃபிலிமின் முகத்தைத் தொடுவாரா, செத்தாலும் தொடமாட்டார். மறுநாள் சனிக்கிழமை என் படத்தின் முதல் கட்டத்தைக் கீறினேன்.

பதினோரு நிமிடம். பதினைந்தாயிரத்து எண்ணூற்று நாற்பது கட்டம். ஒரு நாளைக்குப் பதினாறு, முடிந்தால் இருபது. ஒரு அறை, ஜன்னல், நாற்காலி. நாற்காலியில் என் வயதில் ஒருத்தி. ஜன்னல் வெளிச்சம் சுவரில் மெல்ல நகர்ந்து வரும். ஒன்பது நிமிடம் அவள் அசைய மாட்டாள், மூச்சு மட்டும் தெரியும். பத்தாவது நிமிடத்தில் முழங்காலில் கையை ஊன்றி எழுந்திருப்பாள். எழுந்திருக்க ஒன்பது நொடி. முழங்கால் வலிக்கிறவள் எப்படி எழுவாள் என்று என்னையே கண்ணாடியில் பார்த்துப் பார்த்துக் கீறினேன். கதவு வரைக்கும் நடந்து வெளியே போய்விடுவாள், வெளிச்சம் வெறும் நாற்காலிக்கு வந்து சேரும். நன்றாக வந்திருக்கிறது ஐயா. சொல்வதற்கு எனக்குக் கூச்சம் இல்லை. கீறினது நேராக ஃபிலிமில் என்பதால் நகல் கிடையாது, உலகத்தில் அந்த ஒரு சுருள்தான்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் தன் படத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய படத்தில் உருவமே கிடையாது, காற்று மட்டும். "மழைக்கு முந்தி ஒரு காத்து வருமே, அது. இன்னும் கொஞ்சம் சாச்சுக் கீறு" என்பார். "சாச்சாச்சு" என்பேன். ஊசியின் சத்தம் அவருக்குப் பிடிக்கும். நாலு மணிக்கு டீ போடுவேன், இருவரும் குடிப்போம், பழைய லேப் கதைகளைச் சொல்லிச் சிரிப்போம். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த மூன்று வருடம் இருந்ததுபோல் சந்தோஷமாக நாங்கள் என்றுமே இருந்ததில்லை. இது என் வார்த்தை இல்லை, அவரே நாத்தனாரிடம் சொன்னது.

கெடுத்தது குறுந்தாடி. பட விழா நடத்துகிறவர், அவருடைய பழைய சிஷ்யர், எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் அவரைச் சொல்வோம். போன மாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். நான் தடுப்பதற்குள் மேசையில் உட்கார்ந்து, பூதக்கண்ணாடி வழியே சுருளை ஓட்டிப் பார்த்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. "சார், அந்தம்மா நாற்காலியிலேர்ந்து எந்திரிக்கிற எடம் இருக்கே, எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்துடுச்சு சார்" என்றார். என் கணவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. பிறகு சிரித்து, "அது அப்படித்தான் வரணும்னு நெனச்சேன்" என்றார். நாற்பது வருடப் பழக்கம், எந்தப் பாராட்டையும் கீழே விழ விடமாட்டார்.

மறுநாள் மதியம் ரொட்டியும் சோப்பும் வாங்கக் கடைக்குப் போனேன். அரை மணி நேரம்தான். திரும்பி வந்தபோது என் மேசையில் உட்கார்ந்திருந்தார். கையுறை போடவில்லை. இடது கை நகம் ஃபிலிமின் முகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு உடம்பு கூசிவிட்டது, யாரோ நடுத்தெருவில் துணியை அவிழ்த்ததுபோல்.

"நாற்காலி இருக்கு," என்றார். "அதுல ஒருத்தி இருக்கா. நான் சொன்னது காத்து."

"ஆமா."

"யாரு படம் இது?"

"என் படம்."

நகத்தை ஃபிலிமிலிருந்து எடுத்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாக, "நல்லாத்தான் இருக்கு. உசுரு கொஞ்சம் கம்மி. கோடு போட்டா எந்திரிச்சு நின்னுடும்" என்றார். அப்போதுதான் வலது கையைப் பார்த்தேன், ஊசி இருந்தது. முதல் மூன்று நிமிடம் முடிந்துவிட்டிருந்தது. அவளுடைய கழுத்து, மார்பு, மடி, எல்லாவற்றையும் பிளந்துகொண்டு கோடு ஓடியிருந்தது. அதற்குக் கண் தேவைப்படவில்லை ஐயா. ஊசியை ஊன்றி இழுத்தால் போதும்.

ஊசியைக் கேட்டேன், கொடுத்துவிட்டார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். "ஏங்க, நாலு வருஷம் பத்து மாசமா உங்க கண்ணுல நான் விட்டது மருந்து இல்ல. தண்ணி" என்றேன். என் குரல் உயரவில்லை. அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அடித்திருப்பார்கள், கத்தியிருப்பார்கள். அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "கொதிக்க வச்சியா?" வைத்தேன் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தங்கைக்குப் போன் போடச் சொன்னார். நானே எண்ணை அழுத்தி, மணி அடித்ததும் அவர் கையில் கொடுத்தேன். இத்தனை வருடம் அண்ணி அண்ணி என்றவள், வந்து நின்றதும் முதல் வார்த்தையாக "அடிப்பாவி" என்றாள். அவளுக்கு அண்ணன், அவள் சொல்லத்தான் செய்வாள்.

இப்போது மறதி விஷயத்துக்கு வருகிறேன். விழாவுக்கான புத்தகத்தைக் குறுந்தாடி ஏற்கெனவே அச்சடித்துவிட்டார். 'பார்வை மங்கிய நிலையிலும் மேதை தந்த கடைசிப் படம்' என்று போட்டிருக்கிறது. என் படத்தின் பெயருக்குக் கீழே அவர் பெயர். நான் ஆள் அனுப்பிக் கேட்டதற்கு, "மூணு நிமிஷம் அவரோட கோடு இருக்கே, அதவிட என்ன ஆதாரம் வேணும்" என்று பதில் வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதை கேட்டிருக்கிறேன். இது சோறு சமைத்தவளையே பூசணிக்காயோடு சேர்த்து மறைக்கிற கதை.

மறந்துவிட்டேன், பாட்டில் மாறிவிட்டது என்று நான் சொன்னால் என்ன ஆகும்? அவர் பார்வை எப்போது போனது என்று யாருக்கும் தெரியாது. மங்கின கண்ணோடு அவரே எடுத்தார் என்று ஆகிவிடும். வேண்டுமென்றே செய்தேன், போனதைச் சோதித்துப் பார்த்துவிட்டு மறுநாள்தான் முதல் கட்டத்தைக் கீறினேன் என்று நீங்கள் எழுதி முத்திரை குத்தினால், எந்தக் குறுந்தாடியும் வாயைத் திறக்க முடியாது. மறதி என்றால் நான் அவருடைய மனைவி. வேண்டுமென்றே என்றால் நான் அந்தப் படத்தின் இயக்குநர். எத்தனை வருடம் உள்ளே வைப்பீர்களோ வையுங்கள். வெளியே இருந்தபோதும் அந்த ஒரு மேசையை விட்டு எங்கே போனேன்.

அவருக்குச் சந்தேகமே வரவில்லையா என்று கேட்கிறீர்கள். இதைக் கேட்பீர்கள் என்று தெரியும், இதற்கும் பதில் வைத்திருக்கிறேன். அந்த மருந்து எரியும் ஐயா. நன்றாகவே எரியும். மூன்று வருடமும் சொட்டு விழுந்ததும் முகத்தைச் சுளித்து, பல்லைக் கடித்து, காலால் தரையை உதைப்பார். தண்ணீர் எரியாது. அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அவர் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு பெரிய மூளைக்காரருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தேதான் காலையும் மாலையும் தலையை அண்ணாந்து காட்டினார். கண்ணை மூடினால்தான் சினிமா என்று சொன்னவர், அவருக்கும் அது தேவைப்பட்டது. ஒரே ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருந்தால் அந்த நிமிடமே பாட்டிலைக் கீழே போட்டிருப்பேன். கேட்கவில்லை. ஆக இதில் அவருக்கும் சம்மதம் உண்டு, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஏன் பேனாவை வைத்துவிட்டீர்கள்?

அவர் உங்களிடம் சொல்லிவிட்டார் போலிருக்கிறது.

சரி. கேட்டார். ஒரே ஒரு தடவை. அந்தப் புதன்கிழமை சாயந்தரம், புது மருந்து டப்பாவுக்குள் இருந்தபோது. "நேத்துலேர்ந்து எரியவே இல்லையே, ஏம்மா?" என்றார். "கண்ணு பழகிடுச்சுங்க" என்றேன். மூடின கண்ணோடு சிரித்தார். "பழகினது கண்ணு இல்ல, உன் கை" என்று சொல்லி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "எரியலைன்னா என்ன பயம், இன்னொரு சொட்டு சேத்து விடு" என்றார். விட்டேன்.